சோடாபுட்டியின் தொலைநோக்கி

மலையுச்சிக்கு ஜீப் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வானியல் ஆய்வாளரான அவள் பெட்டியை இறக்கிய கையோடு கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. அது மங்குவதற்குள் பதிவுசெய்ய வேண்டும். ஒரு ராத்திரி தவறினாலும் போனது போனதுதான்.

தொலைநோக்கியை இயக்கும் ஆபரேட்டர் மட்டும் அங்கே இருந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு.

"விளக்கை அணைச்சப்புறம் தொலைநோக்கி இருக்கற குவிமாடத்துக்குள்ள போயிடாதம்மா. சோடாபுட்டி அங்கதான் போய்ச் சேர்ந்தான்."

சோடாபுட்டி, அவளுக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர். தடித்த மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். மூன்று மாதத்துக்கு முன்பு, தொலைநோக்கிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்தார். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

இருட்டியது. முதல் படம் திரையில் விழுந்தது. போன வருடத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் இல்லாத ஒரு புள்ளி, விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது.

"சிக்கிடுச்சு அண்ணே."

அடுத்த படத்தில் பாதி கறுப்பு. அதற்கடுத்தது முழுக் கறுப்பு.

"மேகமா?"

"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு," என்றார் ஆபரேட்டர்.

மோட்டார் சத்தத்தைக் கேட்பதற்காகக் குவிமாடத்தில் ஒரு மைக் உண்டு. அறையிலிருந்த ஒலிபெருக்கியில் ஈரத்துணியை இழுப்பதுபோல ஏதோ கேட்டது. கதவிடுக்கு வழியாக ரத்தவாடை வந்தது.

பிறகு மூச்சு.

பிறகு கிசுகிசுப்பு.

"நான் உள்ள இருக்கேன். திருப்பாதே."

ஆபரேட்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "அன்னைக்கும் இதையேதான் சொன்னான்," என்று உளறிவிட்டார்.

அவள் மெல்லத் திரும்பினாள். "அப்போ உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என் வேலைக்கே உலை வச்சான். குடிக்கிறேன்னு மேல எழுதிப் போட்டான்." அவர் எழுந்தார். "கேட்டுச்சும்மா. கேட்டுத்தான் திருப்பினேன்."

அவள் கதவை எட்டுவதற்குள் கூந்தல் அவர் பிடிக்குள் சிக்கியது. மேசையில் முகத்தை மோதினார். பல் உடைந்து வாய் உப்புக்கரித்தது. கதறக் கதறக் குவிமாடத்துக்குள் இழுத்துப்போய்ச் சுவரோடு அழுத்தினார். அவள் விரல்களை அவர் முறுக்கியபோது இரண்டு முறிந்தன.

"நீயும் இருட்டுல கால் தவறி உள்ள போயிட்டேம்மா. அவ்வளவுதான்."

அப்போது மோட்டார் உறுமியது.

கட்டுப்பாட்டு அறையில் யாருமே இல்லை.

பல டன் எடையுள்ள தொலைநோக்கியின் இரும்புக்குழாய் இருட்டில் திரும்பி வந்தது. ஆபரேட்டரின் முதுகில் மோதிச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. அவள் அவருடைய கைக்கடியில் நழுவிக் கீழே விழுந்தாள்.

"நிறுத்தும்மா," என்றார் அவர். "நிறுத்திடும்மா."

கொல்ல வந்தவன்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தவழ்ந்துபோய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். மின்சாரம் நின்றது. மோட்டார் அடங்கியது.

குழாய் மட்டும் நிற்கவில்லை.

விலா எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவதைக் கேட்டாள். சூடாக ஏதோ அவள் கழுத்தில் தெறித்தது. அவசரமே இல்லாமல், அரைத்து முடித்த பிறகுதான் அது ஓய்ந்தது.

போலீஸ் வந்து குவிமாடத்துக்குச் சீல் வைத்தது.

மூன்று வாரம் கழித்து, கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருந்தபோது, படங்களைச் சேமித்து வைக்கும் அலுவலகத்திலிருந்து அவளுடைய தோழி பேசினாள்.

"உங்க மலையிலேருந்து தினமும் படம் வருதேடி. அந்த வெடிச்ச நட்சத்திரம்தான், ஒருநாள்கூட விடாம. யாரு எடுக்கறது?"

"அங்க கரண்டே கிடையாதுடி. சீல் வச்சாச்சு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"நேத்து வந்ததுல வானம் இல்ல," என்றாள் தோழி. "குவிமாடத்தோட கதவு தெரியுது. உள்ளேருந்து எடுத்திருக்கு."

"மூடியிருக்கா?"

"இல்லடி. திறந்து கிடக்கு."