படுக்கையில் இன்னொரு மூச்சு

அப்பாவின் மூச்சுக்குக் கீழே இன்னொரு அலை ஓடிக்கொண்டிருந்தது.

சஹானா மடிக்கணினியை அருகே இழுத்துப் பார்த்தாள். கட்டிலில் அப்பாவின் நெஞ்சு எழும்போதெல்லாம் திரையில் கோடும் எழுந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நான்கைந்து முறை மூச்சு விடுவதற்குள் அந்தக் கோடு முழுவதுமே ஒரு முறை மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்ந்தது. பாலிகஞ்ச் முழுவதும் மழை. சாயங்காலத்திலேயே அறை இருட்டிவிட்டிருக்க, ஈரச் சுவரின் வாடையும் டெட்டால் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா சௌந்தரராஜனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மேசோமொஷாய் என்று வங்காளியில் சித்தப்பா முறை வைத்து அழைத்து அவரைப் பாசமாகப் பார்த்துக்கொண்ட ஆயா, அந்த அறைக்குள் இனி வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சஹானா எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். மூச்சைக் கண்காணிக்க மெத்தைக்கு அடியில் எடையை உணரும் சென்சார்களை வைத்தாள். படுத்திருப்பவரின் எடை மாறாததால் அது தரும் மின்னழுத்தமும் மாறாமல் நிற்கும், அதுதான் டி.சி. அதைத் தடுத்து, அசைவை மட்டும் உள்ளே விட ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். முதலில் போட்ட சிறியது மூச்சையும் சேர்த்துத் தடுத்து, இதயத் துடிப்பை மட்டும் காட்டியது. பெரியதைப் போட்டால் மெதுவான அசைவும் வரும். ஊருக்குள்ளேயே இருக்கும் சாந்தினி சவுக் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் வாங்கி வந்து இன்று போட்டாள். மூச்சு வந்தது. கூடவே இதுவும்.

கெப்பாசிட்டர் டி.சி.யைக் கசியவிடுகிறது என்று நினைத்து வேறொன்றை மாற்றினாள். அலை போகவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள். தன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். ஜன்னல் கம்பியில் நீர் சொட்டியது, எங்கோ லோக்கல் ரயில் இரைந்து ஓய்ந்தது. அலை எழுந்தது. தாழ்ந்தது.

"சஹானா." அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "சித்தே தள்ளிப் படுத்துக்கச் சொல்லேன்."

"யாரைப்பா?"



கெப்பாசிட்டர் இத்தனை நேரம் தடுத்து வைத்திருந்தது எடையைத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைப் பிடுங்கிவிட்டு, கம்பியை நேராகச் செருகினாள். மெத்தையின் எடையை முன்பே கழித்து வைத்திருந்தாள். அப்பா ஐம்பது கிலோகூட இல்லை.

திரை நூற்றிருபது காட்டியது.

சக்கர நாற்காலியை இழுத்தாள். அப்பாவை அணைத்துத் தூக்கி அதில் உட்கார வைத்தாள். அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும்.

திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் காலி. எண் சரிந்து வந்து எழுபதுக்குப் பக்கத்தில் நின்றது.

மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

பிறகு அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

மழைச் சத்தம். வேறெதுவும் இல்லை.

எண் சட்டென்று பூஜ்யமானது.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். பார்வை கட்டிலில் இருந்தது. எழுந்து நிற்கும் ஒருவரைத் தொடர்வதுபோல அது மெல்ல உயர்ந்தது. கட்டிலைச் சுற்றி வந்தது. மேசையைக் கடந்தது. சஹானாவின் தோளுக்குப் பின்னால், அவள் தலைக்குச் சற்று மேலே, வந்து நின்றது.