வயரை உருவியது யார்?

ட்ர்ர்ரிங்!

கான்ஸ்டபிள் மிரெய் போனை எடுத்தாள்.

"கொலை! பட்டப்பகல்ல கொலை!"

"யாரு சார் பேசறது?"

"எல்மர் பியார்னசன்! உங்க எம்.எல்.ஏ.!"

"செத்தது யாரு?"

"என் கார்!"

மிரெய்க்குச் சிரிப்பு வந்தது. எல்மருக்கு வரவில்லை.

கனடாவின் மனிடோபா மாகாணச் சட்டமன்றத்துக்கு ஏழு முறை ஜெயித்தவர். எட்டாவது முறைக்கான வேட்பாளரைக் கட்சி இன்று முடிவு செய்கிறது. பகல் பன்னிரண்டுக்குள் ஊரின் கர்லிங் விளையாட்டு கிளப்பில் மேடையேறிப் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால்... முப்பது வருஷ அரசியல் காலி!

மணி 11.20. வெளியே மைனஸ் முப்பத்தாறு!

மிரெய் வந்து குனிந்து பார்த்தாள். காரின் மூக்கிலிருந்து, ராத்திரி எஞ்சின் உறையாமல் காக்கும் ஹீட்டரின் வயர் தொங்கியது. மறுமுனை... சுவர் பிளக்கில் இல்லை!

"நேத்து செருகினீங்களா சார்?"

"குளிர்காலத்துல செருகாம தூங்கறவன் இந்த ஊர்ல உண்டா? எவனோ உருவிட்டான்! அந்த இங்வர் லண்ட்தான்! ரொம்ப நாளா என் சீட் மேல கண்ணு!"

"பக்கத்து வீட்ல வண்டி கேக்கறதுதானே?"

"பத்து வீட்டுக்குப் போன் போட்டேன். ஒருத்தன் எடுக்கல!"

"உங்க மனைவி?"

"லோயிஸ் காலைலயே ட்ரக்கை எடுத்துட்டு கிளப்புக்குப் போயிட்டா. சாண்ட்விச் வெட்ட."

சுவர் பிளக் பக்கம் பனியில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தடம்.

"லண்டோட பூட்ஸ் சைஸ் என்ன சார்?"

"பன்னிரண்டு இருக்கும்."

"இது ஆறு."

"பொம்பளை ஆளை அனுப்பியிருக்கான் ராஸ்கல்!"

"உங்க சமையலறைக் கதவு வழியாவா?"

எல்மர் மணியைப் பார்த்துவிட்டு மிரெயின் வண்டியில் தாவி ஏறினார்.

போலீஸ் கார் சைரன் அலறப் பறந்தது.

12.02!

கிளப்புக்குள் ஓடினார். பத்து வீட்டுக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில்... லோயிஸ்!

பக்கத்தில் லண்ட். "போட்டியே இல்ல எல்மர்! லோயிஸ் பேரை நான்தான் முன்மொழிஞ்சேன்!"

"லோயிஸ்... நீயா?"

"ரோட்டுக்காக மந்திரிகிட்ட கத்தினது யாரு? பென்ஷன் லெட்டர் எழுதினது யாரு? ஒரு சாவு விடாம போனது யாரு?"

"கையெழுத்து நான்தானே போட்டேன்..."

"அதுவும் பாதி நான்தான்!"

எல்மர் மிரெய் பக்கம் திரும்பினார்.

"இவளைக் கைது பண்ணுங்க!"

"சொந்த வீட்டு வயரைப் பிடுங்கினா எந்தச் சட்டத்துல போடறது சார்? ஏழு தடவை சட்டமன்றம் போனீங்க... அப்படி ஒண்ணு கொண்டுவரலையே!"

எல்மர் நாற்காலியில் சரிந்தார்.

"இனிமே நான் என்ன ஆவேன் லோயிஸ்?"

அவள் அவருடைய மப்ளரை அன்பாகச் சரிசெய்தாள்.

"எம்.எல்.ஏ.வோட புருஷன்! பெரிய பதவிங்க. போற இடத்துல யாரும் உங்க பேரைக் கேக்க மாட்டாங்க... காபி எங்கேன்னுதான் கேப்பாங்க!"