சம்யுக்தாவுக்கு முதல் துண்டு

சின்ன காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதுதான் 'அட்ஜஸ்ட்'.

சட்டை பெரிதாக இருந்தால் தையல்காரர், "வளர்ற புள்ளதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்பார். டிவி ஆடினால் அப்பா ஒயரை அட்ஜஸ்ட் செய்வார். ரசத்தில் உப்பு கூடினால் நாம்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அம்மா சமைத்த ரசம், வேறு வழி?

லக்ஷணா இந்தச் சொல்லை அதிகம் கேட்டது பள்ளி வேனில்தான்.

"இன்னும் ரெண்டு பசங்க வரணும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி குந்தும்மா" என்பார் வேன் ஓட்டும் ராமராஜன் அண்ணன்.

உடனே லக்ஷணாவின் தோழி சம்யுக்தா நகர்வாள். முசரவாக்கத்திலிருந்து வரும் அவள்தான் காலையில் முதலில் ஏறுபவள். ஆனாலும் நகர்ந்து நகர்ந்து, பள்ளி வருவதற்குள் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருப்பாள்.

"சனிக்கிழமை என் பர்த்டே. ஏழு மணிக்கு வந்துடு" என்று ஒருநாள் வேனில் அவளிடம் சொன்னாள் லக்ஷணா. "ஆமா, போன வருஷம் கேக்கை டப்பால எடுத்துக்கினு போனியே, நல்லா இருந்துச்சா?"

சம்யுக்தா தயங்கினாள். "காலைல பார்த்தேன். எறும்பு தின்னுடுச்சு."

"ராத்திரியே தின்ன வேண்டியதுதானே?"

"நாங்க ஜைனருங்க இல்ல? பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். பரவால்ல, நான் அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்."

அப்படியானால் போன வருஷம் அவள் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறாள். லக்ஷணாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜெயலக்ஷ்மியிடம் சொன்னாள். "அம்மா, பார்ட்டியை அஞ்சு மணிக்கு வெச்சுக்கலாம். சம்யுக்தா பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டா."

"அஞ்சு மணிக்கா? யாராவது கேட்டா சிரிப்பா. அவளுக்கு டப்பால போட்டுக் குடுத்துடலாம். ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாளா?"

"எப்பவும் அவளே பண்ணணுமா? ஒரு தடவை நாம பண்ணலாமே."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அவளைப் பார்த்தாள். "சரிடி, பெரிய மனுஷி. அஞ்சு மணி. அப்பாகிட்ட நானே சொல்றேன்."

சனிக்கிழமை கேக் வந்தது. பூரியும் பாயசமும் தயாராக இருந்தன. நண்பர்களும் வந்துவிட்டார்கள். அப்பாவைத்தான் காணோம். அவர் ஏனாத்தூரில் வேலை பார்ப்பவர்.

அம்மாவின் போன் அடித்தது. லக்ஷணா எடுத்தாள். "பெருமாள் புறப்பாடு. ஒரே கூட்டம், வண்டி நகரலை" என்றார் அப்பா. "பெருமாள்கிட்ட போய் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்ல முடியுமா? நான் வந்ததும் வெட்டலாம்டா கண்ணா."

சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் யாருக்காகவும் நிற்பதாகத் தெரியவில்லை.

அப்பா இல்லாமல் லக்ஷணா கேக் வெட்டியதே இல்லை. முதல் துண்டு எப்போதும் அவருக்குத்தான்.

சம்யுக்தா அருகில் வந்து, "அங்கிள் வரட்டும். எனக்குப் பசிக்கல" என்றாள். ஆனால் அவள் கண் கேக்கின் மேலேயே இருந்தது.

லக்ஷணா யோசித்தாள். பிறகு மெழுகுவத்திகளை ஏற்றாமலே கத்தியை எடுத்தாள். கேக்கின் ஒரு மூலையை மட்டும், ரோஜாப்பூ இருந்த மூலையை, வெட்டி எடுத்தாள்.

"வாயைத் திற. சீக்கிரம், சூரியன் போகுது."

சம்யுக்தா வாயைத் திறந்தாள். அம்மா ஓடிப் போய் அவளுக்குப் பூரியும் பாயசமும் கொண்டுவந்தாள். சம்யுக்தா கடைசி வாய்ப் பாயசத்தை விழுங்கியபோது தொட்டியின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது.

"எறும்புக்கு இந்த வருஷம் ஒண்ணும் இல்ல" என்று அவள் சிரித்தாள்.

இருட்டிய பிறகு அப்பா ஆராவமுதன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கேக்கைப் பார்த்தார்.

"என்னடி இது, எலி கடிச்சிருக்கு?"

"சூரியன் அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன்னுடுத்துப்பா. அதான் சம்யுக்தாவுக்கு மட்டும் முன்னாடியே குடுத்துட்டேன். உனக்குக் கோபமா?"

அப்பா அவள் தலையைத் தடவினார். "இல்லடா கண்ணா. நல்ல வேளை, எனக்காகக் காத்திண்டிருக்கலை."

மெழுகுவத்தி ஏற்றினார்கள், பாடினார்கள், வெட்டினார்கள். இரண்டாவது துண்டு அப்பாவுக்கு. படம் எடுக்கும்போது, முதலில் வெட்டிய மூலை தெரியாதபடி அவர் கேக்கைத் திருப்பி வைத்தார். லக்ஷணா அதை மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

சம்யுக்தா வழக்கம்போல் ஓரமாக, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். லக்ஷணா அவள் கையைப் பிடித்து நடுவில் இழுத்தாள்.

"அப்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நில்லுப்பா."

அப்பா நகர்ந்தார். அம்மா படம் எடுத்தாள்.

அந்தப் படத்தில் கேக்குக்கு ஒரு மூலை இல்லை, அப்பாவுக்கு ஒரு காது இல்லை. சம்யுக்தா முழுசாக இருக்கிறாள்.