வெறும் வயிற்றில் ஒன்று

செல்போன் அலறியது.

ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்கடியில் நின்றிருந்த ஆரிப் எடுத்தான்.

"என்ன மச்சான்... ஏறலையா இன்னும்?"

"எங்கிட்டு ஏற? கொச்சி ஏர்போர்ட்ல மறிச்சு வச்சிருக்காக." உமர் பாருக்கின் குரலில் எரிச்சல் கொப்பளித்தது. "நீ வாங்கிக் கட்டிக் குடுத்தியே, நெஞ்சுவலி கேப்சூல்... அதைத்தான் புடிச்சுக்கிட்டாக."

உமர், ஆரிப்பின் அக்கா சமீனாவின் புருஷன். உத்தமபாளையத்துக்காரன். துபாயில் வேலை. இன்றைக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் விசா காலி!

"டாக்டர் சீட்டு எங்கலே?"

"பெட்டியில வச்சேனே மச்சான்."

"பெட்டியவே கவுத்துப் பாத்தாச்சு. உங்கக்கா வச்ச உப்புக்கண்டம் இருக்கு, ஊறுகா இருக்கு. சீட்டைக் காணோம். அட்டை இருந்தாலாவது பேரைப் பாத்து விட்டுருப்பாக. அதையும் உரிச்சுத் தொலைச்சிருக்க."

அந்தப் பக்கத்து வீடுகளில் அதுதான் வழக்கம். துபாய் போகிறவனின் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, ஒரே பாட்டிலில் கொட்டிவிடுவார்கள். மிச்சமாகும் இடத்தில் இன்னொரு ஊறுகாய் ஏறும்.

"மருந்தை இங்கனயே விட்டுட்டுப் போங்கிறாக. ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக. மருந்தை விட்டா உசுரு போகும், ப்ளைட்டை விட்டா பொழப்பு போகும். எங்கன போயி முட்டிக்கிறது?"

"போனை அவுககிட்ட குடுங்க மச்சான். நான் பேசுறேன்."

பாதுகாப்பு அதிகாரி ஞானசெல்வி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"யாரு நீங்க?"

"அவுக சம்சாரத்தோட தம்பி ஆரிப், மேடம். அது நெஞ்சுவலி மருந்துதான். காலையில வெறும் வயித்துல ஒண்ணு... அம்புட்டுதான். விட்டுருங்க மேடம்."

"சீட்டு இல்லாம எப்படி விடுறது?"

உமருக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்மா சீட்டு, சீட்டுன்னா... மேடம், விடியக்காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை. இன்னைக்கு வேளையும் பாக்கி. உங்க கண்ணு முன்னாடியே ஒண்ணு முழுங்குறேன். அப்பவாவது நம்புவீகளா?"

"முழுங்குங்க. பாக்கலாம்."

மூடியைத் திருகினான். கேப்சூல் உதட்டைத் தொட்டது...

"மச்சான்! முழுங்காதீக!"

ஸ்பீக்கர் கத்தியது.

ஞானசெல்வி உமரின் கையைப் பிடித்தாள்.

"ஏன் ஆரிப்?"

"அது... வெறும் வயித்துல ஆகாது மேடம். அங்கன போயி, சாப்பிட்டுட்டு..."

"வெறும் வயித்துலதான் போடணும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

போன் செத்தது.

ஞானசெல்வி கேப்சூலைப் பிரித்தாள். நெடி மூக்கில் ஏறியது. உமருக்குப் பழக்கமான நெடி... திராட்சைக்கு அடிக்கிற பூச்சிமருந்து!

துபாயில் விழுந்திருந்தால், நெஞ்சுவலிக்காரன் நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று ஊரே நம்பியிருக்கும். அதிகாரியின் கண் முன்னால் விழுந்தால்? பாட்டிலோடு மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் ஆரிப்பைக் கத்த வைத்தது.

உமர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமனார் தோட்டத்துல எம் பொஞ்சாதி பங்கைப் பிரிச்சுக் கேட்டேன் மேடம். அன்னையில இருந்துதான் பயலுக்கு எம் மேல பாசம் பொங்குச்சு."

விமானம் போனது. விசாவும் போனது.

சாயங்காலம், ஏர்போர்ட்டிலேயே காத்திருந்த உமரிடம் ஞானசெல்வி வந்தாள்.

"தேனி பஸ் ஸ்டாண்டுல உங்க மச்சினனைப் போலீஸ் புடிச்சிருச்சு. ஏதாவது சொல்லணுமா அவர்கிட்ட?"

"அந்தப் பாட்டிலை அவனுக்கே அனுப்பிருங்க மேடம்" என்றான் உமர். "காலையில வெறும் வயித்துல ஒண்ணு... மறக்காமப் போடச் சொல்லுங்க."