ஒளிரும் ஈரல்

எலிகளின் மூத்திரத்தை அளந்து, ஊர்க் குடிநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் லூர்துமேரி தினமும் காலைக் காபி போடுவாள். மூக்கைச் சுளிக்காதீர்கள். செவ்வாய்க் கோளின் நிலத்தடி ஊரில் ஒரு சொட்டு நீரை வீணாக்குபவன்தான் அசிங்கம் பிடித்தவன். தொட்டியில் பொருத்திய வடிகலன் எதையும் சுத்தமாக்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கீழாநெல்லியிலிருந்து எடுத்த புது மருந்துக்குத்தான் சோதனை. அதோடு ஒளித்தடம் என்ற பொருளைப் பிணைத்து எலிகளுக்கு ஊட்டுவார்கள். நீல விளக்கைக் காட்டினால் மருந்து போன இடமெல்லாம் மினுங்கும். எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு உள்ளே தங்கியது என்று பார்க்க, கடைசியில் எலியை அறுத்தாக வேண்டும். பயந்த எலியின் ஈரல் தப்பான கணக்குக் காட்டும். அதனால் ஊசி போடுமுன் தலையைத் தடவிக்கொடுப்பது ஆய்வகத்து வழக்கம். "ஒண்ணும் வலிக்காது ராசா" என்பாள் லூர்து.

அவளுக்கு அவசரம். கணவன் செல்வின் செம்புழுதிக் காய்ச்சலில் ஈரல் வீங்கிக் கிடந்தான். எலிகளிடம் தேறாமல் மனிதருக்கு அந்த மருந்து கிடையாது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். தன் பங்கையும் அவனுக்கே ஊட்டினாள், பாவி மகள்.

முதலில் வந்தது கெட்ட செய்தி. மருந்து தின்ற எலிகளின் ஈரல்கள் கல்லாக இறுகியிருந்தன. மறுநாள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே கொடுக்காத எலியை அறுத்தாள். அதன் ஈரலும் மினுங்கியது.

"கூண்டு மாறியிருக்கும்மா" என்றார் ஆய்வகத் தலைவர் ஞானதிரவியம்.

"மாறல சார். அது குடிச்சது தொட்டித் தண்ணி. வடிகலன்ல இந்த மருந்து நிக்கவே இல்ல."

விளக்கைத் தன் விலாவில் பிடித்தாள். தோலுக்குள் மங்கலாக மினுங்கியது. தலைவருக்கும் அப்படியே.

"ஐயோ, என் கையாலயே என் வீட்டுக்காரருக்கு ஊட்டிட்டேனே!"

தகவல் பூமியிலிருந்த மருந்துக் கம்பெனிக்குப் பறந்தது. மாலையில் பதில் வந்தது. ஞானதிரவியம் வாசித்தார்.

"அருமையான வாய்ப்பு. இனி எலிகள் வேண்டாம். மருந்தை நேராகத் தொட்டியில் கலந்து வாருங்கள். ஊராரிடம் சொல்ல வேண்டாம், பயந்தால் கணக்கு தப்பிவிடும். ஈரல்களைப் பத்திரமாக அனுப்பிவைக்கவும்."

"நாம மனுஷங்க சார்!"

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா" என்றார் அவர். "அவர்களுக்கு ஒன்றும் வலிக்காது."

வீட்டில் செல்வின் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டான். ஊரில் வேறு தண்ணீர் இல்லை. தம்ளரை அவன் உதட்டில் வைத்தபோது, லூர்துவின் மறு கை பழக்கதோஷத்தில் அவன் தலையைத் தடவியது.

"என்ன லூர்து, இன்னிக்கு இவ்வளவு பாசம்?" என்று சிரித்தான் செல்வின்.