லேயாளின் கைப்பட்டை

வள்ளியூர் இல்லத்தின் திறப்பு விழாவில் ரிப்பன் கட்டவில்லை. மம்ரே என்ற பெயரில் நடக்கும் முதியோர் இல்லங்கள் எதிலும் அந்த வழக்கம் கிடையாது. புதிதாகச் சேரும் முதியவர்கள் வரிசையாக வந்து இடது கையை நீட்டுவார்கள். போதகர் ஏசுவடியான் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தனிமைமானி என்ற பட்டையைக் கட்டிவிட்டு ஒரு சிறு ஜெபம் செய்வார். பட்டையிலுள்ள கண்ணாடி முதலில் வெளுத்திருக்கும். ஜெபம் முடிவதற்குள் நிறம் ஏறிவிடும். அநேகமாக எல்லோருக்கும் ஊதா.

பசியைப் போலவே தனிமையும் உடம்பில் தடம் விடுகிறது என்று தெரிந்த பிறகு வந்த கருவி அது. வியர்வையிலும் நாடித்துடிப்பிலும் அந்தத் தடத்தைத் தேடிப் பிடித்து, துணையுள்ளவருக்குப் பச்சையும் துணையற்றவருக்கு ஊதாவும் காட்டும். ‘எனக்கென்ன, மகன் நல்லா வச்சிருக்கான்’ என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும். கை ஊதாவாக இருக்கும்.

அதை முதியோர் பராமரிப்புக்குக் கொண்டுவந்தவர் ஏசுவடியான்தான். பாளையங்கோட்டையில் சபை ஒதுக்கித் தந்த ஒரு பழைய ஓட்டு வீட்டில் தொடங்கினார். வசதி, சாதி, மதம் எதையும் விசாரிக்கவில்லை. ஊதாக் கையோடு வந்தவர் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதே அங்கே சட்டம். அறைக்கு இருவர், கூடிச் சமைப்பது, கூடி ஜெபிப்பது. யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சில வாரங்களில் ஊதா வெளிறிப் பச்சை துளிர்ப்பதை ஊரே பார்த்தது. காணிக்கை வந்தது, நிலம் வந்தது. நாகர்கோவில், தூத்துக்குடி, சாத்தான்குளம் என்று இல்லங்கள் பெருகின. பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்கூடப் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். பின்னாலேயே வந்து சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்காக ஏசுவடியான் இன்னொரு விதியும் சேர்த்தார். பார்க்க வந்தவர் பக்கத்தில் இருக்கும்போது முதியவரின் கை ஊதாவானால் சந்திப்பு அத்தோடு முடிந்தது.

வள்ளியூரில் அன்று படம் எடுக்க வந்திருந்த பத்திரிகைப் பெண் ஏசுவடியானின் மனைவி லேயாளைப் பார்த்தாள். “ஐயா, அம்மாவுக்கும் ஒண்ணு கட்டுங்களேன். படத்துக்கு நல்லா இருக்கும்.”

லேயாள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “எனக்கு எதுக்கும்மா?”

ஏசுவடியான் சிரித்தபடி அந்தக் கையைப் பிடித்துக் கட்டினார். நிறம் ஏறத் தொடங்கியது. ஊதாவாகி, நாவற்பழம் போலக் கறுக்கும்வரை ஏறியது. பத்திரிகைப் பெண் கேமராவைக் கீழே இறக்கினாள்.

“புதுப் பட்டை. பழுதாயிருக்கும்” என்று அவர் வேறொன்றை எடுத்துக் கட்டினார். அதுவும் அப்படியே.

திரும்பும் வழியில், நாங்குநேரி தாண்டியதும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

“உனக்கு என்ன குறை வச்சேன் லேயா?”

“ஒரு குறையும் வைக்கல.”

“பின்னே?”

“வீட்டுக்கு வாரீங்க, சாப்பிடுதீங்க. எந்த இல்லத்துல யாருக்கு என்னன்னு சொல்லுதீங்க. அத்தனை பேர் பேரும் உங்களுக்கு மனப்பாடம். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்புறம் தூங்கிருவீங்க.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் பேசணும்னு நினைச்சு வச்சிருக்கிறது அப்படியே இருக்கும். இப்ப அது என்னன்னே மறந்துபோச்சு. என்னைப் பாளையங்கோட்டை இல்லத்துல சேர்த்துருங்க.”

“போதகர் பெண்சாதியே போயிட்டான்னு ஊர் பேசாதா?”

“ஊதாக் கையைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அவரே அவளை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

லேயாளுக்குக் கிடைத்த அறைத்தோழி சுடலைவடிவு, அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். உரத்த குரல். ஒருநாள் ஏசுவடியான் முன்னறிவிப்பின்றி இல்லத்துக்குப் போனார். சமையலறைப் பக்கம் நடக்கும்போது யாரோ மூச்சு வாங்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரது இவ்வளவு சந்தோஷமாக என்று எட்டிப் பார்த்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த லேயாள்தான். கையில் இளம்பச்சை. மனைவியின் சிரிப்பு தனக்கு அடையாளம் தெரியாமல் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே, “தூத்துக்குடியில இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று வழக்கம்போல ஆரம்பித்தார். ஆளில்லாத கூடத்தில் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படிப் பல நாள் ஆன பிறகு அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். ஊதா. அவருக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதைக் காட்டினால் அவளுக்குப் புரியும். வீட்டுக்குத் திரும்பி வருவாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு கைகளும் பச்சையாகிவிடும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பார்வையாளர் கூடத்தில் லேயாளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இல்லப் பொறுப்பாளர் தொற்காள் வழக்கப்படி வாசலருகே நின்றாள்.

“பார்த்தியா” என்று கையைக் காட்டினார்.

லேயாள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஐயோ, நேரத்துக்குச் சாப்பிடுதீங்களா? சட்டையெல்லாம் யாரு துவைக்கா?”

அவர் பேசினார். வெறும் வீட்டைப் பற்றி, தூத்துக்குடியைப் பற்றி, அடுத்து கோவில்பட்டியில் பார்த்திருக்கும் இடத்தைப் பற்றி. அவள் தலையசைத்துக் கேட்டாள். பேசப் பேச நெஞ்சு லேசாவது அவருக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தார். அவர் கையில் ஊதா கலைந்து பச்சை ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் பக்கத்திலிருந்த அவள் கையைக் கவனித்தார். அது கறுத்துக்கொண்டு வந்தது.

தொற்காள் இரண்டடி முன்னால் வந்து நின்றாள். “ஐயா...” என்றாள். விதிப்படி சந்திப்பை முடித்துவைக்க வேண்டியவள் அவள்தான். கண் கலங்கியிருந்தது.

“அவ கெடக்கா, நீங்க உக்காருங்க” என்றாள் லேயாள். “கொஞ்ச நேரம் ஊதாவா இருந்தா செத்தா போயிருவேன்? எனக்குப் பழக்கம்தான். கோவில்பட்டி இடத்துல தண்ணி நல்லா இருக்கா? சொல்லுங்க.”

அவள் உண்மையாகவேதான் கேட்டாள். முகத்தில் சலிப்பின் சாயல்கூட இல்லை. இத்தனை வருஷமும் இந்த முகத்தை நம்பித்தான் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏசுவடியான் தன் கையை அவள் மடியிலிருந்து விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

“இருங்க” என்றாள் லேயாள்.

அவர் கூடத்தைக் கடந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே சுடலைவடிவு வந்து, லேயாளின் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னாள். அவள் கையில் கறுப்பு கலைந்து பச்சை திரும்பும்வரை ஏசுவடியான் அங்கேயே நின்று பார்த்தார். தன் கையைப் பார்க்கவில்லை.