வாரேன் என்று சொன்னவர்கள்

காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. மணி ஏழு என்று பேச்சிக்கனி எழுந்துகொண்டாள்.

நிலாவில் சூரியனைப் பார்த்து எழுந்திருக்க முடியாது. பதினாலு நாள் விடாமல் காயும், பதினாலு நாள் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் விற்பனை, ஆள்சேர்ப்பு ஆட்கள் எல்லாருக்கும் காது எலும்பில் ஒரு சில்லைப் பதித்திருந்தார்கள். அதற்குப் பெயர் முடுக்கி. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே இருந்தால் அது குளிர்ந்து கிடக்கும். விழித்திருக்கும்போது வாயை மூடினால் சுடும். தண்ணீர் குடிக்க மட்டும் விடும், அதுவும் மூன்று மிடறு. நிலாவில் உடம்பு எடை குறைவுதான். வேலையின் கனம் மட்டும் அங்கேயும் குறையவில்லை.

அவள் இருந்தது ஆள்சேர்ப்பு நிலையத்தில். பூமியிலிருந்து வந்து இறங்குகிறவர்களைச் சுரங்கத்துக்கும் பட்டறைக்கும் சமையல்கூடத்துக்கும் பேசிப் பேசிச் சேர்த்துவிட வேண்டும். மாதம் அறுபது பேர். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் குறைந்தால் நாற்காலி போய்விடும். நாற்காலியோடு காற்றுப்படியும் போய்விடும். வேலை இல்லாதவருக்கு அங்கே மூச்சு விடக் காற்று ஒதுக்கீடு கிடையாது, அடுத்த கப்பலில் ஏற வேண்டியதுதான். அவள் புருசன் சுடலைமணிக்கு மூணாம் நம்பர் பனிச்சுரங்கத்தில் இன்னும் இரண்டு வருச ஒப்பந்தம் பாக்கி. அவன் நடுவில் வர முடியாது. அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

இரண்டு மாதம் ஏற்கெனவே குறைந்திருந்தது. இன்று மூன்றாம் மாதத்தின் கடைசி நாள். ஐம்பத்தொன்பது பேரைச் சேர்த்தாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குள் இன்னும் ஒரே ஒரு ஆள்.

ஆளும் கையில் இருந்தான். மரியதாஸ், தூத்துக்குடிப் பையன், பம்பு மெக்கானிக். வந்து இறங்குகிறவனுக்குப் பத்து நாள் காற்று உண்டு. காத்திருப்புக் கூடத்தில் அவனுக்கு அன்று ஒன்பதாவது நாள். இடமும் இருந்தது. புருசன் வேலை பார்க்கும் சுரங்கத்தில் பம்புக்காரர் சண்முகவேல் நாலு மாதத்துக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து சுடலைமணிக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

சுரங்கத்தை நடத்துவது ஒரு பொறுப்பி. மேற்பார்வை, வருகைப்பதிவு, ஆளெடுப்பு எல்லாம் பார்க்கும் இயந்திரம். பேச்சிக்கனி அதை அழைத்து, பம்பு வேலைக்கு நல்ல ஆள் இருக்கிறது என்றாள்.

"காலியிடம் இல்லை" என்றது பொறுப்பி.

சண்முகவேலின் இடம் காலிதானே என்று கேட்டாள்.

"சண்முகவேல் விடுப்பில் இருக்கிறார். திரும்பி வருவார். அவரே சொன்னார்."

"என்ன சொன்னாரு?"

"போயிட்டு வாரேன் என்றார். பதிவு இருக்கிறது. அவருக்கு முன் ஐம்பத்திரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அனைவரின் இடத்தையும் வைத்திருக்கிறேன்."

பேச்சிக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அது சும்மா ஒரு பேச்சு, எங்கள் பக்கத்தில் 'போறேன்' என்று யாரும் சொல்லமாட்டோம், இழவு வீட்டில்தான் சொல்லாமல் போவோம் என்றெல்லாம் விளக்கினாள். பொறுப்பி பொறுமையாகக் கேட்டது. வரமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொன்னால் இடத்தைத் திறப்பதாகச் சொன்னது.

நல்லதாகப் போயிற்று என்று சண்முகவேலைப் பூமியில் பிடித்தாள். ஊர் மணி வேறு, அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொல்லி, ஒரே ஒரு தடவை 'இனி வரமாட்டேன்' என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அங்கிருந்து பேச்சு வந்து சேர இரண்டு மூன்று நொடி ஆகும். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூட ஆயிற்று.

"என்ன தாயி, விளக்கு வைக்கிற நேரத்துல இப்படிச் சொல்லச் சொல்லுத?"

"அண்ணாச்சி, நீங்க வரப் போறதில்லைல்லா?"

"எங்க வர, இந்த முட்டியை வச்சிக்கிட்டு? ஆனா சோறு போட்ட எடத்தைப் பாத்து வரமாட்டேன்னு எப்படிச் சொல்ல? வாரேன்னு சொல்லு. வருவோம், பாப்போம்."

இதையும் பொறுப்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "உறுதி செய்துவிட்டார்" என்றது.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடாத இடம் இல்லை. ஐந்து மணி அடித்தது.

யாரையும் நீக்குவதில்லை என்பது அந்த நிலையத்தின் பெருமை. இலக்குத் தவறியவர் தானாகவே விலகியதாகக் கதவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கதவும் பொறுப்பி வகை இயந்திரம்தான். சொன்ன சொல்லை அப்படியே பதியும். இதுவரை போனவர்கள் அழுதுகொண்டு போனார்கள், இல்லை ஏசிக்கொண்டு போனார்கள். யாரும் முறையாகச் சொல்லிக்கொண்டு போனதில்லை.

பேச்சிக்கனி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பேச்சை நிறுத்தாமல் கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தார்கள். நிறுத்தினால் சுடும். மூன்று வருசம் உட்கார்ந்த இடம். எப்படிப் பேசாமல் போவது?

"போயிட்டு வாரேன்" என்றாள், பொதுவாக எல்லாரிடமும்.

"விடுப்பு பதியப்பட்டது" என்றது கதவு. "காற்றுப்படி தொடரும். விடுப்புக் காலத்தில் முடுக்கி அணைந்திருக்கும். பதிலாள் அமர்த்தப்படுகிறார்."

கூடத்து ஒலிபெருக்கி மரியதாஸைக் கூப்பிட்டது. வேலை இல்லாமல் பக்கத்தில் காத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தவனைக் கதவு அவள் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னது.

"நியமனம் அறுபது. விடுப்பில் இருப்பவருக்குக் கெடு இல்லை, பதிலாள் அவர் கணக்கு. சேர்த்தவர் பேச்சிக்கனி. இலக்கு நிறைவு. விடுப்பு முடிந்ததும் 'வந்துட்டேன்' என்று சொல்லவும்."

அவள் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மூன்று வருசத்துக்கு அப்புறம் அது வெறும் காதாக இருந்தது.

மரியதாஸ் மலங்க மலங்க விழித்தான். "யக்கா, எனக்குப் பம்பு வேலை மட்டுந்தான் தெரியும். இதுல என்ன பேச?"

"மூணாம் நம்பர் சுரங்கத்தைக் கூப்பிடு. காலியிடம் இருக்கான்னு கேக்காத. பதிலாள் வேணுமான்னு கேளு."

கேட்டான். ஐம்பத்து மூன்று பேர் வேண்டும் என்றது பொறுப்பி. நாலு வருசமாக யாரும் அப்படிக் கேட்கவில்லை என்றது.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "ஒருநாள் தாங்காமப் போச்சுன்னா அழாத, ஏசாத. வாசல்ல நின்னு சொல்லிக்கிட்டுப் போ. என்ன?"

சுடலைமணி அன்று நேரத்தோடு வந்தான். நாளை முதல் பம்புக்கு வேறு ஆள் வருகிறதாம், மரியதாஸ் என்று ஒருத்தன் பேசிச் சேர்த்தானாம் என்று முதுகை நீட்டிப் படுத்தான். பேச்சிக்கனி பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எதுவும் சுடவில்லை.

அவள் விடுப்புச் சேதி சுரங்கத்துக்கும் வந்திருந்தது. "திரும்ப எப்ப வேலைக்குப் போவ?" என்று கேட்டான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே, இரும்புக் கூரையில் காற்றுக் குழாய் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது.

"போவணும்" என்றாள். "போவோம், பாப்போம்."